மரக்குற்றியும் பலகையும்

கமக்காரர் ஒருவர் தம் வளவில் நிற்கும் மரத்தை நின்றபடியே விலைபேசி விற்றுவிடுகிறார். சில காலத்தின் பின் வீட்டுக்கு நிலையும் கதவும் வேண்டிவரும்போது, அதே இன மரத்தை மரக்காலையிற் பன்மடங்கு விலைகொடுத்து வாங்குகிறார். தறித்தல், அரிதல், உலர்த்தல், தச்சுவேலை ஆகியவற்றால் மரத்தின் பெறுமதி இடையிற் கூடிவிடுகிறது. அவ்வேலைகள் எங்கே நடைபெறுகின்றனவோ, அங்கேயே கூலியும் இலாபமும் தங்குகின்றன. குடும்பத்துக்குரிய இவ்வுண்மை நாட்டுக்கும் பொருந்தும்.

இந்தோனேசியாவின் அனுபவம்

1970களில் இந்தோனேசியா தன் காட்டு மரங்களைப் பெரும்பாலும் குற்றிகளாகவே கப்பலேற்றியது. யப்பான், தென்கொரியா, தைவான் ஆகிய நாடுகளின் ஆலைகள் அவற்றை ஒட்டுப்பலகையாக்கி இலாபம் பெற்றன. இந்தோனேசிய அரசு 1980இல் குற்றி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தத் தொடங்கி, 1985இல் அதனை முற்றாகத் தடைசெய்தது. உள்நாட்டில் ஆலைகள் பெருகின. பெருந்தொகையானோர் வேலை பெற்றனர். அப்பத்தாண்டின் இறுதிக்குள் வெப்பவலய ஒட்டுப்பலகை ஏற்றுமதியில் அந்நாடு முதலிடம் அடைந்தது.

ஆயினும், ஏற்றுமதி தடைப்பட்டமையால் உள்நாட்டிற் குற்றியின் விலை தாழ்ந்தது. மலிவாய்க் கிடைத்த மரத்தை ஆலைகள் சிக்கனமின்றிக் கையாண்டன. காடு தரக்கூடிய அளவை ஆலைகளின் தேவை மிஞ்சவே, களவாக மரந்தறித்தல் பெருகியது. காட்டை நம்பி வாழ்ந்த குடிகள் துன்புற்றனர். ஆலையை நிறுவுவோர் மரத்தையும் நடுதல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடமாகும்.

இலங்கையின் நிலை

முன்னாளில் இலங்கையின் கருங்காலியும் முதிரையும் பிறநாட்டுத் தச்சருக்கு வேலை கொடுத்தன. 1990இல் இயற்கைக் காடுகளில் மரந்தறித்தல் நிறுத்தப்பட்டது. அதன்பின் நாட்டுக்கு வேண்டிய அரிமரத்தின் பெரும்பங்கை வீட்டுத்தோட்டங்களும், றப்பர், தென்னைத் தோட்டங்களும், தேக்கு முதலிய நடுகைக் காடுகளும் வழங்கிவருகின்றன. ஆகவே வளவில் மரம் வளர்க்கும் கமக்காரரும் இன்று நாட்டின் மரத் தேவையை நிறைவேற்றுவோராவர். அவர் தம் பொருளின் அளவையும் பெறுமதியையும் அறிந்திருத்தல் அவசியம்.

கவனிக்க வேண்டியவை

1. மரத்தை அளவாமல் விற்றலாகாது. குற்றியின் நடுச்சுற்றளவை அடியில் அளந்து நாலால் வகுக்க. வந்ததை அதே எண்ணாற் பெருக்கி, மீண்டும் நீளத்தாற் பெருக்குக. நடுச்சுற்று 4 அடியும் நீளம் 10 அடியுமாயின், அது 10 கன அடி எனக் கணக்கிடப்படும். இம்முறையில் உண்மை அளவில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைத்தே வரும். அரிதலில் ஏற்படும் கழிவுக்காக அது முன்னரே விடப்படுகிறது. ஆதலால் கழிவைக் காட்டி மேலும் விலை குறைக்க இடங்கொடுத்தல் கூடாது.

2. வீட்டுத் தேவைக்குரிய மரத்தை ஊரிலேயே அரிவித்தல் நன்று. அரிகூலி ஊராருக்குச் சேரும். பக்கப்பலகை வேலிக்கும் விறகுக்கும் உதவும். மருந்திடாத மரத்தின் தூளை மாட்டுத் தொழுவத்திற் பரப்பிப் பின் கூட்டெருக் குழியிலிட்டு மக்கவைக்கலாம். பச்சைத் தூளை மரக்கறிப் பாத்தியிற் புதைத்தால், அது மண்ணிலுள்ள தழைச்சத்தைக் கவர்ந்து பயிரை மஞ்சளாக்கும்.

3. பச்சைப் பலகையிற் செய்த கதவு சுருங்கிப் பிளக்கும். பலகைகளுக்கிடையே சம கனமான சலாகைத் துண்டுகளை வைத்து, நிழலில், நிலத்துக்கு மேலாக அடுக்கிக் காற்றில் உலரவிடுக. ஓரங்குலப் பலகைக்கும் சில மாதங்கள் தேவைப்படும்.

4. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறித்தல் 1951ஆம் ஆண்டின் சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. பிரதேச செயலகத்தில் முன்னரே அனுமதி பெறுக. மரத்தை ஏற்றிச் செல்லுதற்குரிய அனுமதியையும் விசாரித்தறிக.

5. ஒரு மரம் தறிக்கப்படுமுன், அதற்கீடாக இரண்டு கன்றுகளேனும் வேர்கொண்டு நிற்றல் வேண்டும்.

தந்தை நட்ட மரமே மகனின் வீட்டுக்கு வளையும் தீராந்தியுமாகிறது. அதனை அளந்து விற்று, அரிந்து பயன்கொண்டு, மீண்டும் நடுபவரின் வளவில் மரச்செல்வம் குன்றாது.