பரளச்சிக்கு எத்தனை எழுத்து?

ஆறாம் வகுப்புத் தம்பிகளுக்காக அக்காவின் செல்போனில் ஒரு சின்ன விளையாட்டு செய்தேன். ஆப் இன்வென்டர் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. அதை இலவசமாகத் தருகிறது. கட்டளைகளைக் கட்டம் கட்டமாக அடுக்கினாலே ஆப் தயார். என் விளையாட்டு இவ்வளவுதான்: ஊர்ப் பெயர் வரும், அதில் எத்தனை எழுத்து என்று சொல்ல வேண்டும்.

முதல் ஊர் நம்ம பரளச்சி. ஒரு தம்பி விரல் விட்டு எண்ணி 5 என்று அழுத்தினான். "தப்பு, சரியான விடை 7" என்று வந்தது. எல்லாரும் சிரிச்சாங்க. அவன் ப, ர, ள, ச், சி என்று திரும்பவும் எண்ணினான். அப்பவும் 5 தான். நான் பக்கத்தில் நின்று, "செல்போன் தப்பாச் சொல்லாதுடா" என்றேன். அடுத்து திருச்சுழி வந்தது. இந்தத் தடவை அவன் விரலை மடக்கவே இல்லை. "அண்ணே, இதுக்கு செல்லு எத்தனைன்னு சொல்லும்?" என்று என்னைக் கேட்டான். எண்ணத் தெரிந்த பையனை நானே கெடுத்துவிட்டேனே என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

காரணத்தைத் தேடினேன். செல்போனுக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். யூனிகோட் என்ற உலகப் பட்டியலில் 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் தமிழுக்கு. நம் எழுத்தோ 247! அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் இல்லை. க, ச, ப போன்றவைக்கு ஓர் எண். கால், கொம்பு, புள்ளி இவற்றுக்கு வேறு எண். பரளச்சி உள்ளே இப்படி இருக்கிறது:

2986, 2992, 2995, 2970, 3021, 2970, 3007

3021 என்பது புள்ளி. 3007 என்பது 'சி'யின் தலைமேல் இருக்கும் வளைவு. ஆக 7 துண்டு. பதினொன்றாம் வகுப்பு அண்ணன்கள் படிக்கும் சி பிளஸ் பிளஸ்ஸில் நீளம் கேட்டால் 21 என்றுகூட வரும். யூடிஎஃப்-8 முறையில் ஒரு துண்டுக்கு 3 பைட் ஆகிறதே!

எனக்கு முன்னால் தமிழில் ஆப் செய்தவர்கள் இன்னும் பாடுபட்டிருக்கிறார்கள். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் செல்லினம் 2005 பொங்கலுக்கு சிங்கப்பூரில் வெளிவந்தபோது பெரும்பாலான செல்போன்களில் தமிழ் எழுத்துருவே கிடையாது. ஆரம்ப கால ஆண்ட்ராய்டிலும் தமிழ் வெறும் கட்டமாகத்தான் தெரிந்தது. ஆப் செய்தவர்கள் எழுத்துருவை ஆப்புக்குள்ளேயே வைத்தார்கள். இன்னொரு வம்பும் உண்டு. 'கெ' என்பதில் நாம் கொம்பை முதலில் எழுதுகிறோம், யூனிகோடில் அது 'க'வுக்குப் பின்னால் வரும். அதையும் இடம் மாற்றிப் போட்டுத்தான் ஒப்பேற்றினார்கள்.

என் கணக்கைச் சரிசெய்ய நாலு வரி போதுமாக இருந்தது. ஆ முதல் ஔ வரை 11 உயிர்க்குறிகள், புள்ளி 1, ஆக 12. இவற்றை ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு:

எண்ணிக்கை = 0
சொல்லின் ஒவ்வொரு துண்டாக எடு
அது அந்த 12-இல் இல்லையென்றால்
எண்ணிக்கை = எண்ணிக்கை + 1

இதற்கும் டிமிக்கி கொடுத்தது ஔவையார். பல பேர் 'ஔ' அடிக்காமல் 'ஒ', 'ள' என்று இரண்டாக அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனா 4 எழுத்து 5 ஆகிவிடும். 'ஒள' வந்தால் 'ஔ' என்று மாற்று எனக் கட்டளை போட்டேன். உடனே 'ஒளி' கெட்டுப்போச்சு! அதனால் 'ள'வுக்கு அடுத்து அந்த 12 குறிகளில் ஒன்று இருந்தால் தொடாதே என்று சேர்த்தேன்.

மறுநாள் தம்பியைத் தேடிப் போய், "நீ சொன்ன 5 தான்டா சரி, என் ஆப்தான் தப்பு" என்று எல்லார் முன்னாடியும் சொன்னேன். அவன் செல்போனை வாங்கி அருப்புக்கோட்டை என்று அடித்தான். முதலில் விரல் விட்டு எண்ணிக்கொண்டான், பிறகுதான் அழுத்தினான். 8 வந்தது. அடுத்து லக்ஷ்மி என்று அடித்தான். "அண்ணே, 3 வரணும், 4 வருது!"

'க்ஷ' உள்ளே க, புள்ளி, ஷ என மூன்று துண்டு. அவை தொடர்ந்து வந்தால் 1 கழிக்கும் வரியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.