இளவட்டத்துக்கும் ஜவ்வு விலகும்

பதினெட்டு வயசுப் பையன் இடுப்பு வலிக்குதுன்னு சொன்னால், "வேலைக்குக் கள்ளம் பண்றான்" என்பதுதான் நம்ம வீடுகளில் வரும் முதல் பேச்சு. முதுகுத்தண்டு ஜவ்வு விலகல் நடுவயதில்தான் அதிகம், உண்மை. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வரும்.

இடுப்புப் பகுதியில் 5 முள்ளெலும்புகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு. இதைத்தான் டாக்டர்கள் டிஸ்க் என்கிறார்கள். வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கூழ். கொழுக்கட்டையை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பூரணம் பிதுங்குமே, அதே கதைதான். பிதுங்கியது நரம்பை அழுத்தினால் பிட்டத்திலிருந்து கால் வரை வலி இறங்கும். கடைசி இரண்டு ஜவ்வுகளில்தான் இது அதிகம். இந்தத் தொடர்பை 1934-இல் மிக்ஸ்டர், பார் என்ற அமெரிக்க மருத்துவர்கள் விளக்கினார்கள்.

வயசாளிக்கு ஜவ்வு தேய்ந்து விலகும். இளசுகளுக்குப் பெரும்பாலும் திடீர்ப் பளு, கீழே விழுதல், விளையாட்டு அடி காரணமாகும். குடும்பவாகும் உண்டு. சில பிள்ளைகளுக்கு வளரும் எலும்பின் ஓரமும் சேர்ந்து பிய்ந்து வரும். கால் மரத்துப்போகாமல், குனிய முடியாமல் முதுகு விறைத்து நிற்பதே முதல் அடையாளமாக இருக்கலாம். மல்லாந்து படுத்து, முட்டி மடக்காமல் காலைத் தூக்கச் சொன்னால் பாதியிலேயே சுள்ளென்று இழுக்கும்.

இயற்கை விவசாயத்தில் சுமை குறைவா? ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் என்றால் 200 கிலோ. 16 லிட்டர் கைத்தெளிப்பானை நிரப்பினால் முதுகில் 20 கிலோவை நெருங்கும். நாட்றாம்பாளையம் போன்ற மேட்டுக் காடுகளில் இதைச் சுமந்து ஏறணும்.

கடப்பாறையால் பாறையை நெம்புகிறோம் அல்லவா? முதுகுக்கு அந்தக் கணக்கு தலைகீழ். 20 கிலோவை உடம்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், முதுகெலும்புக்கு 5 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும் தசை சுமார் 200 கிலோ விசையோடு இழுக்க வேண்டும். அந்த அழுத்தமெல்லாம் ஜவ்வின் மேல்.

செய்ய வேண்டியவை:

- முட்டியை மடக்கி, சுமையை வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருக்காதீர்கள். காலை மாற்றி வைத்துத் திரும்புங்கள்.
- மூட்டையை 25 கிலோவாகக் கட்டுங்கள். 1967-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு வளர்ந்த ஆணுக்கே 55 கிலோதான் உச்சம் என்றது. இளையோருக்கு அதைவிட நன்றாகக் குறைக்கச் சொன்னது.
- ஜீவாமிர்தத் தொட்டியை மேட்டில் வைத்து, வடிகட்டி, குழாயில் இறக்குங்கள்.

வலி வந்தால் ஓரிரு நாள் ஓய்வு போதும். பிறகு மெதுவாக நடக்கணும். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலே தணியும். பிதுங்கிய பகுதி தானாகச் சுருங்குவதும் உண்டு. சுளுக்கு என்று முதுகில் ஏறி மிதிக்க விடாதீர்கள். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-க்குக் கூப்பிட்டு, ஓசூரோ கிருஷ்ணகிரியோ, பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போய்விட வேண்டும். தாமதித்தால் நரம்பு திரும்பாமல் போகலாம்.

பிள்ளைகள் விவசாயத்துக்கு வரணும் என்று ஆசைப்படுகிறோம். வந்தவன் "வலிக்குது" என்றால், முதலில் நம்புவோம்.