இருவர் வகுத்த திட்டம், ஒருவர் நடந்த வழி



மருத்துவமனைக்கு வருகிற எவரும் ஏதோ ஒரு திட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டே வருகிறார்கள். மகளின் திருமணம், பாதி கட்டிய வீடு, பணி ஓய்வுக்குப் பின் கணவனும் மனைவியுமாகச் செல்ல எண்ணியிருந்த பயணம் என ஒவ்வொரு படுக்கையின் அருகிலும் இத்தகைய ஒன்று காத்திருக்கிறது. "கடவுள் மேல் நம்பிக்கை வையுங்கள்" என்று பார்க்க வருகிறவர்கள் கூறுகிறார்கள். ஆனால் நினைத்தது நடவாமற்போன பிறகு அந்த நம்பிக்கையை எங்கே தேடுவது என்பதை யாரும் கூறுவதில்லை. அவ்வினாவோடு வாழ்ந்த ஒரு தம்பதியரின் வரலாற்றை இங்கே காண்போம். அவர்கள் வாழ்ந்த இடம் நமக்கு அயலானதன்று. இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையே அது.

மலைமேல் ஒரு மரவீடு

ஜெசி பிராண்ட் இங்கிலாந்தைச் சேர்ந்தவர். கட்டடத் தொழில் அறிந்தவர். மிஷனரியாகப் புறப்படுமுன் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிச் சிறிது காலம் பயின்றிருந்தார். ஈவ்லின் 1879-ஆம் ஆண்டு பிறந்தவர், இலண்டன் மாநகரின் வசதியான குடும்பத்துப் பெண், ஓவியம் கற்றவர். இருவரும் 1913-ஆம் ஆண்டு மணம் புரிந்து கொல்லிமலையில் குடியேறினர். ஜெசி கட்டிய மரவீடே அவர்கள் இல்லம். அடுத்த ஆண்டு அங்கே பிறந்த மகன்தான், பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட்.

மலையில் அன்று மலேரியாவும் நரம்புச் சிலந்தி நோயும் மிகுந்திருந்தன. சிலந்திப் புழு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் வளர்ந்து காலில் கொப்புளமாக வெளிப்படும். அக்காலோடு கிணற்றுக்குள் இறங்கி நீர் மொள்ளும்போது புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். அந்நீரைப் பருகுவோரிடம் நோய் தொடரும். வெளிவந்த புழுவை ஒரு சிறு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாள்தோறும் சிறிது சிறிதாக இழுப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. இத்தகைய பொறுமை மிகுந்த பணிகளில் அத்தம்பதியரின் நாட்கள் கழிந்தன. ஆயினும் அவர்கள் கூறிய செய்தியை ஏற்பவர் ஒருவரும் இன்றி ஆண்டுகள் பல சென்றன.

முதல் உலகப் போரின் இறுதியில் உலகெங்கும் பரவிய இன்ஃபுளுவன்சா காய்ச்சல் மலையையும் விடவில்லை. நோயுற்ற வீடுகளுக்கு அண்டை வீட்டாரே செல்ல அஞ்சிய அந்நாட்களில், இருவரும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றனர். அதுவரை அவர்களை எதிர்த்து வந்த ஊர்ப் பூசாரி, தாம் இறக்கும் தறுவாயில் தம் பச்சிளம் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். வாதங்கள் பெற்றுத் தராத அன்பையும் மதிப்பையும் கஞ்சிக் கலயம் பெற்றுத் தந்தது. அதன் பின்னரே மலைமக்கள் அவர்களை நெருங்கி வந்தனர்.

இருவரும் சேர்ந்து ஒரு பெருந்திட்டம் வகுத்தனர். கொல்லிமலையோடு நின்றுவிடாமல் பச்சைமலை, கல்வராயன் மலை முதலாக ஐந்து மலைத்தொடர்களுக்கும் மருத்துவத்தையும் கல்வியையும் தங்கள் சமயச் செய்தியையும் கொண்டு செல்ல வேண்டும் என்பதே அது.

1929, ஜூன் 15

1923-ஆம் ஆண்டு, கல்வியின் பொருட்டுத் தம் இரு பிள்ளைகளையும் இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுவிட்டு இருவரும் மலைக்குத் திரும்பினர். மகனுக்கு அப்போது வயது ஒன்பது. வாரந்தோறும் கடிதங்கள் மட்டுமே அவர்களை இணைத்தன. விடுப்பில் சென்று பிள்ளைகளைக் காணும் நாளை இருவரும் எதிர்நோக்கியிருந்தனர்.

அந்நாள் ஜெசிக்கு வாய்க்கவில்லை. 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவருக்குக் கருநீர்க் காய்ச்சல் கண்டது. கடுமையான மலேரியாவின் விளைவாக இரத்தச் சிவப்பணுக்கள் பெருமளவில் சிதைந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறி, சிறுநீரகங்கள் செயலிழக்கும் கொடிய நிலை அது. செயற்கைச் சிறுநீரகக் கருவியால் ஒரு நோயாளி முதன்முதலாக உயிர் பிழைத்ததே 1945-இல்தான். காய்ச்சல் கண்ட சில நாட்களுக்குள், ஜூன் 15 அன்று, தம் 44-ஆம் வயதில் ஜெசி காலமானார். மரணச் செய்தி தந்தி வழியாக இங்கிலாந்தை அடைந்தது. அவர் நலமாய் இருந்தபோது மகனுக்கு எழுதிய கடிதமோ, கப்பலில் பயணம் செய்து அதற்குப் பின்னரே வந்து சேர்ந்தது.

ஈவ்லினுக்கு அப்போது ஐம்பது வயது. பின்னர் இங்கிலாந்து சென்று இறங்கிய தாயைக் கண்ட மகனுக்கு அவரை அடையாளம் காண்பதே அரிதாக இருந்தது. உற்சாகம் மிகுந்த தாயை நினைவில் வைத்திருந்த சிறுவன், துயரத்தால் ஒடுங்கிப்போன ஒரு முதிய பெண்மணியையே கண்டான்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நம்பிக்கையுடையோர் துயருறமாட்டார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆழ்ந்த நம்பிக்கையுடைய ஈவ்லின் அம்மையாரையோ துயரம் உருக்குலைத்தது. அழுவதும், தளர்வதும், சில காலம் ஒன்றும் செய்ய இயலாதிருப்பதும் நம்பிக்கைக் குறைவின் அடையாளங்கள் அல்ல. அன்பு கொண்டோர் எவருக்கும் நேர்வன அவை.

மீண்டும் மலைக்கு

அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். ஆயினும் அவர் விரும்பிய வண்ணம் எல்லாம் அமைந்துவிடவில்லை. மிஷன் அவரை வேறு இடங்களில் பணியமர்த்தியது. இட்ட பணியைச் செய்துகொண்டு ஆண்டுகள் பல காத்திருந்தார். எழுபதை நெருங்கும் வயதில் ஓய்வு பெற்றதும் அவர் ஊர் திரும்பவில்லை. தாமும் கணவரும் வகுத்த பழைய திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எவருடைய ஊதியமும் இன்றிக் கல்வராயன் மலைக்குப் புறப்பட்டார்.

மட்டக் குதிரை மேல் ஊர் ஊராகச் சென்றார். பலமுறை கீழே விழுந்தார், எலும்புகள் முறிந்தன, காய்ச்சல்கள் வந்தன. நடை தளர்ந்தபின் இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றி நடந்தார். கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார். நரம்புச் சிலந்தியை ஒழிக்கத் தூய குடிநீரின் அவசியத்தை ஓயாது எடுத்துரைத்தார். அந்நோய் இந்தியாவில் முற்றிலும் ஒழிந்துவிட்டதென 2000-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அவரைப் போன்ற பலர், பலகாலம் செய்த சிறு பணிகளின் பயன் அது.

துணையிருப்போர்க்கு இவ்வரலாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. மருத்துவரான மகன், முதுமையில் தனியே மலையில் வாழும் தாயை எண்ணிக் கவலையுற்றார். கீழே வந்து ஓய்வாக இருக்குமாறு பலமுறை வற்புறுத்தினார். தாய் இணங்கவில்லை. முதிய பெற்றோரைப் பேணும் வாசகர்கள் இவ்வழக்கை நன்கு அறிவார்கள். அவர்களுடைய பாதுகாப்பும் முக்கியம். அவர்கள் உயிரோடிருக்கக் காரணமாகக் கருதும் பணியும் முக்கியம். எளிய தீர்ப்பு இதற்கு இல்லை. பால் பிராண்டும் தம் அச்சத்தை விட்டுவிடவில்லை. எனினும் தாயின் விருப்பத்திற்கு மதிப்பளித்தார்.

1974-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், தம் 95-ஆம் வயதில் ஈவ்லின் அம்மையார் காலமானார். கொல்லிமலையில் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்ட கணவரின் அருகிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

நமக்குரியது

ஜெசி பிழைத்திருந்தால் அத்திட்டம் எவ்வாறு நிறைவேறியிருக்கும் என்பதை நாம் அறியோம். அவருடைய மரணம் நன்மைக்கே நிகழ்ந்தது என்று கூறவும் நமக்கு உரிமை இல்லை. தந்தையைப் பிரிந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அச்சொல் ஆறுதலாக இராது. ஆனால் ஒன்றை உறுதியாகக் கூறலாம். ஈவ்லின் அம்மையாரின் நம்பிக்கை, கேட்டது கிடைத்ததால் நிலைத்ததன்று. கேட்டது கிடையாதபோதும், அடுத்த நாள் தம் முன் நின்ற கடமையை அவர் செய்தார். அதைச் செய்யச் செய்ய நம்பிக்கையும் அவரோடு நடந்து வந்தது.

உங்கள் நம்பிக்கை எச்சமயத்தைச் சார்ந்ததாயினும், இன்று அது உங்களிடம் பெரிய உறுதிகளைக் கோரவில்லை. நோயுற்றவரின் வாயில் ஒரு கரண்டி கஞ்சி ஊட்டுவது, குறித்த நேரத்தில் மருந்து கொடுப்பது, இரவெல்லாம் விழித்தவர் ஒரு மணி நேரம் உறங்கும்படி மற்றவர் அருகில் அமர்வது ஆகியவையே போதும். மனம் மிகத் தளரும்போது செவிலியரிடமோ மருத்துவரிடமோ மனம் விட்டுப் பேசுங்கள். உதவி கேட்பது தாழ்வன்று. தனித்து வாழ்ந்த ஈவ்லின் அம்மையாரையும், விழுந்த வேளைகளில் தூக்கிச் சென்றவை மலைமக்களின் கரங்களே.

நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டு வந்த திட்டம், எண்ணிய வடிவிலேயே நிறைவேறாமல் போகலாம். ஆயினும் அதில் உங்களால் இன்று செய்யக்கூடிய ஒரு சிறு பகுதி எஞ்சியிருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.