இரவோடு மல்லுக்கட்டாமல்: நாட்பட்ட நித்திரையின்மை பற்றி

"ஓதிட்டுப் படுங்க, நித்திரை தானா வரும்." நித்திரை வராதவன் அதிகம் கேட்கும் வார்த்தை இதுதான். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆயத்துல் குர்ஸியும் குல் சூறாக்களும் ஓதி, வலப்பக்கம் சாய்ந்து படுத்து, இரவு இரண்டு மணிக்கும் விழித்துக் கிடப்பவனுக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது: 'அப்ப என்ட ஈமான்லதான் குறையா?' பதினொரு வருடமாக இதோடு வாழ்பவன் என்ற முறையில் இந்தச் சந்தேகத்தையே முதலில் தீர்த்து வைக்க விரும்புகிறேன்.

இது நோய். 1037இல் மறைந்த இப்னு சீனா தனது 'அல்கானூன்' மருத்துவ நூலில் இதனை 'ஸஹர்' என்ற பெயரில் தலை சார்ந்த நோய்களோடு வைத்துப் பேசுகிறார். (நோன்பு காலத்து ஸஹர் வேறு, அரபியில் நடு எழுத்தே வேறு.) வாரத்தில் மூன்று இரவுகளாவது நித்திரை கெட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, பகல் வேலையையும் பாதித்தால் இன்றைய மருத்துவர்கள் அதனை நாட்பட்ட நித்திரையின்மை என்கிறார்கள்.

இரவை விடப் பகல்தான் கஷ்டம். கண் எரியும். தலை பாரமாக இருக்கும். நன்கு பழகியவரின் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடும். பிள்ளை ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் சினம் பொங்கும். மோட்டார் சைக்கிளில் ஏறப் பயமாக இருக்கும். கலியாண வீட்டு அழைப்பு வந்தால், 'திரும்பி வர எத்தின மணியாகுமோ' என்ற கணக்குத்தான் முதலில் வரும். மஃரிப் ஆனதும் இன்றைய இரவைப் பற்றிய அச்சம் தொடங்கும்.

இவ்வளவு களைத்தும் பகலில் படுத்தால் கண் மூடாது. வேலைப்பளுவால் நித்திரையைக் குறைத்தவன் பஸ்ஸில் ஏறியதும் உறங்கிவிடுவான். எங்களுக்கு அப்படியில்லை. மூளையின் விழிப்பு நிலை பகலிலும் தணியாமல் காவல் காத்துக்கொண்டிருக்கிறது.

நித்திரையை இரண்டு விசைகள் கொண்டு வருகின்றன என்று 1982இல் அலெக்சாண்டர் போர்பெலி விளக்கினார். ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக் கூடச் சேரும் நித்திரைப் பசி. மற்றது உடலின் உள்கடிகாரம். பின்னேரம் பலகாரம் தின்ற பிள்ளை இராச்சோறு தின்னாது. பகலில் உறங்கினாலும் அதுதான் நடக்கும். நித்திரைப் பசியை மூளைக்கு உணர்த்தும் அடினோசினைத் தேயிலையிலுள்ள கஃபீன் மறித்துவிடுகிறது. பின்னேரம் ஐந்து மணிக்குக் குடித்த பிளேன்டியின் கஃபீனில் ஏறத்தாழப் பாதி இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். இது ஆளுக்கு ஆள் மாறுபடும்.

தற்காலிகத் தொல்லை நாட்பட்ட நோயாவது எப்படி? ஆர்தர் ஸ்பீல்மன் மூன்று காரணிகளைச் சொன்னார். இலேசில் விழித்துக்கொள்ளும் இயல்பு முதலாவது. மௌத்து, கடன், பிரசவம் போல நித்திரையைக் கலைக்கும் நிகழ்வு இரண்டாவது. நித்திரையைப் பிடிக்க நாம் செய்யும் முயற்சிகள் மூன்றாவது: நேரத்தோடு படுப்பது, சுபஹுக்குப் பிறகு மறுபடி படுப்பது, மணிக்கூட்டைப் பார்ப்பது. நிகழ்வு கடந்துபோனாலும் இந்த முயற்சிகள் நோயை உயிரோடு வைத்திருக்கின்றன. நாளடைவில் கட்டிலைக் கண்டதும் உடம்பு விழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது.

ஆகவே சிகிச்சையும் தலைகீழானது. 1972இல் ரிச்சர்ட் பூட்சின் வகுத்த முறை இது: நித்திரை வந்தால் மட்டும் படுக்க வேண்டும்; சுமார் இருபது நிமிடத்தில் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போக வேண்டும்; எப்படி உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஸ்பீல்மன் இதற்கு மேல் கட்டில் நேரத்தையும் குறைக்கச் சொன்னார். இரவு ஒன்பது முதல் காலை ஐந்து வரை கிடந்து ஐந்தரை மணித்தியாலம் மட்டும் உறங்குபவர் பதினொன்றரைக்குப் படுக்க வேண்டும். கட்டிலில் கழியும் நேரத்தில் 85 வீதத்துக்கு மேல் நித்திரையானால் வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் கூட்டலாம். இவற்றோடு மனப்பயிற்சியும் சேர்ந்த சிகிச்சையையே மாத்திரைக்கு முன் தர வேண்டுமென 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. முதல் இரண்டு மூன்று வாரம் உயிர் போகிற மாதிரி இருக்கும். அதன் பின்தான் பலன் தெரியும்.

இதில் எழும்பும் நேரம்தான் அத்திவாரம். நமக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் வாழ்வதால் நம் நாட்டில் சுபஹ் நேரம் வருடம் முழுவதும் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாகவே நகர்கிறது. சுபஹுக்கு எழுந்தவர் மறுபடி படுக்காமல் விடியல் வெளிச்சத்தில் சிறிது நடந்தால் உள்கடிகாரம் நேராகும். கைலூலாவை விட வேண்டியதில்லை. நித்திரை இல்லாத நண்பகல் ஓய்வும் கைலூலாதான் என்று அரபு மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். கதிரையில் சாய்ந்தால் போதும். இரவில் எழுந்தால் இரண்டு ரக்அத் தொழலாம், அதைத் தொழுகையாகவே தொழ வேண்டும். 'இப்ப வருமா, இப்ப வருமா' என்று காத்திருந்தால் அதுவும் நித்திரையைத் துரத்தும் வேலையாகிவிடும்.

எச்சரிக்கைகளும் உண்டு. பலத்த குறட்டை, கால் உளைச்சல், தைரொயிட், மனச்சோர்வு என்பவை பின்னால் இருக்கலாம். முதலில் மருத்துவரைக் காண வேண்டும். வலிப்பு, இருதுருவ மனநோய் உள்ளவர்களும் வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்களும் கட்டில் நேரத்தைத் தாமாகக் குறைக்கக் கூடாது. நித்திரைக் குளிசை சில நாளைக்கு உதவும். நீண்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். முதியவர்கள் விழுந்து எலும்பு முறியும் ஆபத்தும் உண்டு. மாதக்கணக்கில் பாவித்தவர் திடீரென நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

எனக்கு இப்போதும் கெட்ட வாரங்கள் வரும். ஆனால் மஃரிபுக்குப் பிறகு வந்த அந்த அச்சம் பெரும்பாலும் போய்விட்டது. வீட்டில் இப்படியொருவர் இருந்தால் ஒரு உதவி செய்யுங்கள்: விடிந்ததும் "ராவு நித்திர வந்திச்சா?" என்று கேட்காதீர்கள். "வாங்க, தேத்தண்ணி குடிப்பம்" என்று கூப்பிடுங்கள்.