மின்னழுத்தமும் வாட் கணக்கும்

பேராவின் வடகோடியில், கிரியான் வட்டார நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த பாரிட் புந்தாரில், ஒரு வீட்டில் பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்று இருப்பதாகக் கொள்க. அதன்மீது ‘240 வோல்ட், 1000 வாட்’ என்று பொறித்திருக்கிறது. எப்பொழுதும் அது ஆயிரம் வாட் கொள்ளும் என்றே பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் சரியன்று. ஆயிரம் என்னும் அளவு 240 வோல்ட்டில் மட்டுமே மெய்.

மின்சாரத்தை ஓடத் தூண்டுவது மின்னழுத்தம். ஓடும் அளவு மின்னோட்டம். அதற்குக் கம்பி காட்டும் எதிர்ப்பு மின்தடை. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் திறன் கிடைக்கும். முன்னதன் அடிப்படையான விதியைச் சோதனைகளால் கண்டு 1827-இல் நூலாக வெளியிட்ட ஜியார்க் சைமன் ஓம், கொலோன் நகரில் பள்ளியாசிரியராயிருந்தவர் என்பது ஆசிரியர்கட்கு இனிக்கும் செய்தி.

இனி இஸ்திரிப் பெட்டியைப் பார்க்கலாம். 1000-ஐ 240-ஆல் வகுக்க, ஓட்டம் 4.17 ஆம்பியர். 240-ஐ அந்த ஓட்டத்தால் வகுக்க, தடை 57.6 ஓம். இத்தடையே பெட்டியின் சொந்தச் சொத்து, வாட் அன்று. மலேசியாவில் வீட்டு மின்சாரத்தின் பெயரளவு அழுத்தம் 2008 ஜனவரி முதல் நாள் 240-லிருந்து 230 வோல்ட்டாக மாற்றப்பட்டது. 230 வோல்ட்டில் அதே பெட்டி 3.99 ஆம்பியரே கொள்ளும். திறன் 918 வாட். அழுத்தம் நூற்றுக்கு நான்கு குறைய, திறன் எட்டுக் குறைகிறது. அழுத்தம் தாழும்போது ஓட்டமும் உடன் தாழ்வதால் வந்த இரட்டைக் குறைவு இது. விதிப்படி அழுத்தம் 253 வரை உயரவும் 216 வரை தாழவும் இடமுண்டு. ஆகவே, ஒரே பெட்டி 1111 வாட்டும் கொள்ளலாம், 810 வாட்டும் கொள்ளலாம்!

தடை மாறாதது என்று இங்கே கொண்டது சூடேற்றும் கம்பிக்கு ஏறத்தாழப் பொருந்தும். இழை விளக்குக்குப் பொருந்தாது. 240 வோல்ட், 60 வாட் விளக்கு எரியும்போது அதன் தடை 960 ஓம். அணைந்து குளிர்ந்த விளக்கை மாணவர் மீட்டரால் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. மீட்டர் பழுதென்று அதனை ஒதுக்க வேண்டியதில்லை. சூடேறினால் இழையின் தடை பன்மடங்கு பெருகும். சுவிட்சைப் போட்ட கணத்தில் விளக்குகள் பியூஸ் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மின்விசிறி போன்ற மோட்டார்ப் பொருள்கட்கோ வேறு கணக்கும் சேரும்.

இக்கணக்கு மின் கட்டணத்துக்கு மட்டும் உரியதன்று. ஒரே நீட்டிப்புக் கம்பியில் 2200 வாட் கெண்டியையும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் செருகினால், 230 வோல்ட்டில் ஓட்டம் 13.9 ஆம்பியர், பிளக்கிலுள்ள பியூஸோ 13 ஆம்பியருக்குரியது. சற்றே மிஞ்சிய ஓட்டத்தில் அது உடனே உருகுவதுமில்லை. இதைவிட மோசமானது தளர்ந்த செருகல். தொடுமிடத்தில் அரை ஓம் தடை இருந்து 10 ஆம்பியர் ஓடினால், இழக்கப்படும் அழுத்தம் 5 வோல்ட்டே. ஆனால், ஐந்தைப் பத்தால் பெருக்க வரும் 50 வாட் வெப்பமும் விரல்நுனியளவு இடத்திலேயே எழுகிறது. ஓட்டம் 13 ஆம்பியரைத் தாண்டாமையால் பியூஸ் அதனை அறியாது. பிளக் கருகும்வரை கெண்டியும் கொதித்துக்கொண்டேயிருக்கும்.