மூச்சும் விசையும்: தாமே கட்டும் விமானமொன்றின் வளியமைப்பு

பறப்பின் வரலாறு பெரும்பாலும் தனிமனித வீரத்தின் கதையாகவே கூறப்பட்டு வந்துள்ளது. அதன் பௌதிக அடிப்படையை நோக்குவோமாயின், பலரது உழைப்பே அங்கு புலப்படும்.

ஏறத்தாழ 18,000 அடி உயரத்தில் வளிமண்டல அமுக்கம் கடல்மட்டத்திலுள்ளதன் அரைப்பங்காகின்றது. ஆங்கு முசல இயந்திரம் வலுவிழக்கின்றது; மனிதனின் அறிவும் மயங்குகின்றது. இவ்விரு குறைகளையும் ஒரே வளியோட்டத்தால் தீர்க்க முயன்றதே, 1990களில் அமெரிக்காவில் உறுப்புத் தொகுதியாக விற்கப்பட்ட லான்செயர் நான்கு-பி விமானம்.

அதன் 350 குதிரைவலு இயந்திரத்தில், வீணே வெளியேறவேண்டிய கழிவு வாயு சுழலியைச் சுழற்றுகின்றது. அதே அச்சிலுள்ள நெருக்கி வெளிவளியை அமுக்குகின்றது. சூடேறிய அவ்வளி குளிர்விக்கப்பட்டு உருளைகளை அடைகின்றது. ஒரு கூறு ஒடுங்கிய குழல்வாயினூடாகப் பயணிகள் அறைக்குட் செல்கின்றது. குழல்வாயில் வளி ஒலிவேகத்தை எட்டியதும் அதன் பாய்ச்சல் ஓர் எல்லையில் நின்றுவிடுவதால், அறை இயந்திரத்தின் பங்கைப் பறிப்பதில்லை. அறையின் அமுக்கத்தை வெளியேற்று வால்வு நிர்ணயிக்கின்றது.

முரண்பாடும் இவ்விடத்திலேயே உள்ளது. மூச்சுக்கும் விசைக்கும் ஊற்று ஒன்றே. இயந்திர வலுவை வெகுவாகக் குறைப்பின் அறைக்கான வளியும் குறையும். பொருத்துகளிற் கசிவிருப்பின் அமுக்கம் விரைந்து வீழும்.

இத்தகைய விமானத்தின் பெரும்பகுதியைத் தொழில்முறை சாராதோரே கட்டியிருத்தல் வேண்டும் என்பது அமெரிக்க விதி. சிந்திப்போனும் செய்வோனும் இங்கு ஒருவராகின்றனர். ஆயினும் இயந்திரமும் சுழலியும் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆக்கியவை. தம் கையால் அடைத்த பொருத்தையும், முகமறியாதார் கடைந்த அச்சையும் ஒருங்கே நம்பித்தான் அவர் உயரத்தில் மூச்சு விடுகின்றார் என்பதை நாம் மறத்தலாகாது.