எந்தக் கைபேசி நம் வீட்டுக்கு உகந்தது?

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து அமர்ந்தார். அவர் கையில் புத்தம் புதிய ஐபோன் ஒன்று இருந்தது. வளைகுடா நாட்டில் பணிபுரியும் மகன் அன்போடு அனுப்பி வைத்தது. அதை என்னிடம் நீட்டி, “சாமி, இதுல அவுக குரல் எங்க இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றார்.

‘அவுக’ என்றது, இறைவனடி சேர்ந்த அவருடைய கணவரை. நோயுற்று மருத்துவமனையில் கிடந்த நாட்களில், வீட்டிலிருந்த மனைவிக்கு வாட்ஸ்அப் வழியாக அவர் சிறு சிறு குரற்செய்திகள் அனுப்பியிருந்தார். “சாப்பிட்டியா?”, “மாத்திரை போட்டியா?”, “நாளைக்குப் பூசைக்குப் போயிரு” – இவ்வளவே. ஒவ்வோர் இரவும் செபமாலை முடிந்தபின் அவற்றுள் ஒன்றைக் கேட்டுவிட்டு உறங்கச் செல்வது அம்மூதாட்டியின் வழக்கம். பழைய கைபேசி ஆண்ட்ராய்டு வகையைச் சேர்ந்தது. அதன் பேட்டரி உப்பிப்போனதால்தான் மகன் புதியதை அனுப்பினார். அதை அமைத்துக் கொடுத்த கடைக்காரர், பெயர்களையும் எண்களையும் மட்டும் புதியதற்கு மாற்றிவிட்டு, பழையதில் இருந்தவற்றை எல்லாம் அழித்து அதை எடுத்துக்கொண்டார். குரலும் அத்துடன் போயிற்று.

அன்று அவருக்கு என்ன விடை கூறுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாயிற்று. “ஐபோன் சிறந்ததா, ஆண்ட்ராய்டு சிறந்ததா?” என்று நம் இளைஞர்கள் கோயில் முற்றத்தில் நின்று வாதாடுகிறார்களே, அது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. அது நம் குடும்பங்களின் பணத்தையும், பாதுகாப்பையும், நினைவுகளையும் தொடும் கேள்வி. ஆகவே, அறிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இரண்டு வழிகள்

இன்று உலகில் வழங்கும் ஸ்மார்ட்போன்கள் ஏறக்குறைய அனைத்தும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். 2007ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆப்பிள் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை அறிமுகம் செய்தார். இதில் கருவியும், அதை இயக்கும் ஐஓஎஸ் என்னும் இயங்குதளமும் ஒரே நிறுவனத்தின் ஆக்கம். மற்றொரு வழி கூகுள் நிறுவனத்தினுடையது. ஆண்ட்ராய்டு என்ற சிறு நிறுவனத்தை அது 2005இல் விலைக்கு வாங்கிற்று. அந்த இயங்குதளம் கொண்ட முதல் கைபேசி 2008இல் விற்பனைக்கு வந்தது. அதைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்தக் கூகுள் இடமளித்ததால், சாம்சங், ஷாவ்மி, விவோ, ஓப்போ, மோட்டோரோலா எனப் பலர் ஆண்ட்ராய்டுக் கைபேசிகளைச் செய்து விற்கின்றனர்.

நமக்குப் பழக்கமான ஓர் உவமை கூறலாம். ஐபோன், ஒரே கையால் ஆக்கிய வீட்டுச் சோறு. ஆண்ட்ராய்டோ கோயில் அசனம். அரிசி ஒன்று, அடுப்புகள் பல. அடுப்புக்கு அடுப்பு பக்குவம் மாறும். ஆகவே “ஆண்ட்ராய்டு நல்லதா?” என்று பொதுப்படக் கேட்பதில் பொருளில்லை. எந்த நிறுவனத்தின் எந்தக் கருவி என்று கேட்பதே முறை.

இவ்விரண்டைத் தவிர வேறு வழிகளும் ஒரு காலத்தில் இருந்தன. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் கைபேசிகளுக்கான ஆதரவு 2020 ஜனவரியில் நின்றுபோயிற்று. பெருந்தொழிலதிபர்கள் பெருமையோடு கையில் ஏந்திய பிளாக்பெர்ரியின் பழைய கைபேசிகள் 2022 ஜனவரி 4ஆம் நாளுடன் சேவை இழந்தன. இவ்வுலகப் பெருமை எவ்வளவு விரைவில் பழையதாகிவிடுகிறது என்பதற்கு வேறு மறையுரை தேவையில்லை.

அன்றாடப் பயன்பாடு

நம் நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் கையிலிருப்பது ஆண்ட்ராய்டே. இதற்கு முதற்காரணம் விலை. பத்தாயிரம் ரூபாய் அளவிலேயே ஆண்ட்ராய்டுக் கைபேசி கிடைக்கிறது. புதிய ஐபோனின் விலையோ அதைப்போல் பன்மடங்கு. மற்றொரு நன்மையும் உண்டு. அண்டை வீட்டாரும் பேரப்பிள்ளைகளும் அதையே வைத்திருப்பதால், ஐயம் வந்தால் உடனே கேட்டுத் தெளியலாம். முதியோருக்கு இது சிறிய உதவியன்று.

ஆண்ட்ராய்டில் திரையின் அடியில் ‘பின்செல்’ பொத்தானை நிலையாக வைத்துக்கொள்ள முடியும். ஐபோனில், 2017இல் வந்த ஐபோன் 10 முதற்கொண்டு முகப்புப் பொத்தான் படிப்படியாக மறைந்துவிட்டது; திரையின் அடியிலிருந்து விரலால் மேலே தள்ளுவதே வழி. இளைஞருக்கு இது விளையாட்டு. உழைத்துக் காய்த்துப்போன விரல்களுக்கு அது தொல்லை. எனினும், சாம்சங் கைபேசிகளில் எழுத்தையும் படங்களையும் பெரிதாக்கும் ‘எளிய முறை’ இருப்பதுபோல், ஐபோனிலும் 2023 முதல் ‘உதவி அணுகல்’ என்ற எளிய அமைப்பு தரப்பட்டுள்ளது. பார்வையற்றோருக்குத் திரையிலுள்ளதைப் படித்துச் சொல்லும் வசதி 2009ஆம் ஆண்டிலேயே இரண்டிலும் வந்துவிட்டது. தமிழில் எழுதவும் படிக்கவும் இரண்டிலும் தடையில்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். ஆண்ட்ராய்டில் கூகுளின் கடைக்கு வெளியிலிருந்தும் செயலிகளை நிறுவ முடியும். இந்தச் சுதந்திரத்தைத் தீயோர் பயன்படுத்திக்கொள்கின்றனர். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ‘ஏபிகே’ என்று முடியும் கோப்பு ஒன்று வரும். அதைத் தொட்டு நிறுவினால் வங்கிப் பணம் களவு போகும். உண்மையான அழைப்பிதழ் படமாகவோ தாளாகவோ வருமேயன்றிச் செயலியாக வாராது. நம் நாட்டு ஐபோனில் ஆப்பிளின் கடை வழியாக மட்டுமே செயலி நிறுவ முடியும் என்பதால் இவ்வாபத்து குறைவு. ஆயினும், நயமாகப் பேசி இரகசிய எண்ணைக் கேட்டு வாங்கும் வஞ்சகனுக்கு எந்தக் கைபேசியும் தடையாகாது.

பேட்டரியின் ஆயுள்

இக்காலக் கைபேசிகளில் இருப்பது லித்தியம்-அயனி மின்கலம். இதனை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குட்இனஃப் அவர்களுக்கு வயது 97!

சாதாரண ஆண்ட்ராய்டுக் கைபேசியில் 5,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரி இருப்பது இன்று இயல்பு. 2021இல் வந்த ஐபோன் 13இல் அது 3,200 அளவே. அப்படியாயின் ஐபோன் விரைவில் அணைந்துவிட வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழ்வதில்லை; அதுவும் ஒரு பகல் முழுவதும் தாங்குகிறது. கருவியையும் இயங்குதளத்தையும் ஒருவரே செய்வதாலும், மறைவில் ஓடும் செயலிகளை ஐஓஎஸ் கண்டிப்புடன் அடக்கி வைப்பதாலும் மின்சாரம் மிச்சமாகிறது. ஆண்ட்ராய்டும் 2015 முதல் இத்தகைய சிக்கன முறைகளைக் கையாண்டு வருகிறது. சில நிறுவனங்கள் இதில் அளவு மீறுவதுண்டு. “பூசை நேரம் மாறியது எனக்குத் தெரியாதே, செய்தி இரவில்தான் வந்தது” என்று சிலர் குறைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் அமைப்புகளில் வாட்ஸ்அப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிக்கொள்ளலாம்.

இரு வகையினருக்கும் பொதுவான சில உண்மைகள் உள்ளன. பேட்டரியின் பெரும்பகை வெப்பம். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றுவதும், வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டுச் செல்வதும் அதன் ஆயுளைக் குறைக்கும். முழுதும் தீர்ந்தபின்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழங்கால மின்கலங்களுக்கு உரிய விதி, இவற்றுக்குப் பொருந்தாது. இருபதுக்கும் எண்பதுக்கும் இடையில் வைத்துக்கொள்வது நலம். கோபுர அலை குன்றிய ஊர்களில், தொடர்பை விடாமல் பிடித்துக்கொள்ளக் கைபேசி மிகுதியாக உழைப்பதால் சார்ஜ் விரைவில் கரையும். அது கருவியின் குற்றமன்று. பேட்டரி உப்பிவிட்டால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிடுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும்.

பேட்டரியும் மூப்படைகிறது. முழு அளவு சார்ஜ் ஏற்றித் தீர்ப்பது ஒரு சுற்று எனப்படும். 500 சுற்றுகளுக்குப் பின்னும் 80 விழுக்காடு கொள்ளளவு நிற்குமாறு ஐபோன் 14 வரையிலான பேட்டரிகள் அமைக்கப்பட்டன. ஐபோன் 15 முதல் அது 1,000 சுற்றுகள் என ஆப்பிள் அறிவித்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம், 2025 ஜூன் 20 முதல் அங்கு விற்பனைக்கு வரும் கைபேசிகள் 800 சுற்றுகளுக்குப் பின்னும் 80 விழுக்காடு தாங்க வேண்டும் எனச் சட்டம் செய்துள்ளது.

இவ்விஷயத்தில் குறையற்றவர் எவருமில்லை. சாம்சங் நிறுவனம் 2016இல் தன் நோட் 7 கைபேசிகளை, பேட்டரி தீப்பற்றியதால் திரும்பப் பெற்று விற்பனையையே நிறுத்த நேர்ந்தது. பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தான் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது. இதில் நமக்கொரு பாடமும் உண்டு: கைபேசி மந்தமாகிவிட்டது என்றதும் புதியதை வாங்க ஓட வேண்டாம். பேட்டரியை மட்டும் மாற்றினால் அது இன்னும் ஈராண்டு உழைக்கக்கூடும்.

எத்தனை ஆண்டு உழைக்கும்?

விலையைக் கேட்கும் நாம், “எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும்?” என்று கேட்பதில்லை. அது நின்றபின் கள்வர் நுழையும் ஓட்டைகள் அடைக்கப்படுவதில்லை. நாளடைவில் வங்கிச் செயலிகளும் இயங்க மறுக்கும். 2015இல் வந்த ஐபோன் 6எஸ், 2021இல் வெளியான ஐஓஎஸ் 15ஐயும் பெற்றது. கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் எஸ்24 போன்ற விலை உயர்ந்த ஆண்ட்ராய்டுகளுக்கு ஏழு ஆண்டுகள் உறுதியளிக்கப்பட்டுள்ளன. மலிவான கைபேசிகள் பலவற்றிலோ இரண்டு மூன்று ஆண்டுகளே. ஆகவே விலையை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். மலிவு எது என்பது அப்போது விளங்கும்.

ஆயினும், கல்லூரிப் பிள்ளையின் பிடிவாதத்துக்காக ஐபோனை மாதத் தவணையில் வாங்கி, அத்தவணைக்காக நகையை அடகு வைக்கும் பெற்றோரையும் நான் அறிவேன். கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் உவமையில் கற்பித்தார். தோழர்முன் தலைநிமிர்வதற்காகத் தாயின் காதணி அடகுக்கடைக்குப் போகலாமா? இளைஞர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொன்று. பேட்டரிக்குத் தேவையான கோபால்ட் என்னும் உலோகத்தில் பாதிக்கும் மேற்பட்டது ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டு மண்ணிலிருந்து வருகிறது. அங்குள்ள சில சுரங்கங்களில் சிறுவரும் வெறுங்கையால் உழைக்கின்றனர். வாங்கி எறியும் பழக்கத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ மடலில் கண்டித்தார். ஒரு கைபேசியை ஓராண்டு கூடுதலாகப் பயன்படுத்துவதும் அறமே.

மாற விரும்புவோர் கவனத்திற்கு

ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறும்போது எல்லாம் தானாக வந்துவிடாது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் உரையாடல்கள் கூகுள் கணக்கில் சேமிக்கப்படும். அந்தச் சேமிப்பை ஐபோன் படிக்காது. 2022 முதல் ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்ற செயலி வழியாக அவற்றை மாற்ற முடியும். ஆனால் புதிய ஐபோனை முதன்முதலாக அமைக்கும் வேளையிலேயே அதைச் செய்தல் வேண்டும். எனவே, புதியதில் எல்லாம் வந்துவிட்டன என்று கண்ணாலும் காதாலும் உறுதி செய்யும்வரை பழையதை அழிக்கவோ விற்கவோ வேண்டாம். ஒரு மாதமேனும் வீட்டில் இருக்கட்டும்.

அம்மூதாட்டிக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மறைக்கல்வி கற்பிக்கும் பொறியியல் மாணவர் ஒருவர் செய்தி அறிந்து அவர் வீட்டுக்குச் சென்றார். “ஆச்சி, பழைய போனுக்கு கூகுள் கணக்கு யாரு போட்டுக் குடுத்தா?” என்று கேட்டார். மகன்தான் என்று தெரிந்ததும் அவரிடமே கடவுச்சொல்லைக் கேட்டறிந்து, தம் வீட்டில் கிடந்த பழைய ஆண்ட்ராய்டில் மூதாட்டியின் சிம் அட்டையைப் பொருத்தினார். ஐந்து மாதங்களுக்கு மேல் புதுப்பிக்கப்படாத சேமிப்பைக் கூகுள் அழித்துவிடக்கூடும். நல்லவேளையாக, அதற்குள் மூன்று மாதங்களே ஆகியிருந்தன. இரவு முழுதும் இறங்கிய செய்திகளுள் கணவரின் குரலும் இருந்தது. மாணவர் அதனைக் கணினியிலும் பதிந்து வைத்தார். ஐபோன் இன்று கல்லூரியில் படிக்கும் பேத்தியிடம் இருக்கிறது. மூதாட்டி ஆண்ட்ராய்டிலேயே நிறைவாக இருக்கிறார். மகனுக்கும் அதில் வருத்தமில்லை.

ஆகவே அன்பர்களே, கடைக்குச் செல்லுமுன் மூன்று கேள்விகளை வீட்டில் எல்லாரும் அமர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் பயன்படுத்தப் போகிறவர் யார்? அவர் தடுமாறும்போது பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுப்பவர் யார்? கடன் வாங்காமல் இதை எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம்? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால், எந்த வகை என்பது தானே விளங்கிவிடும். தொலைவிலுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: பெற்றோருக்குக் கைபேசி அனுப்பும் முன், பழையதில் அவர்கள் எதைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.